சோப்புத் தண்ணீர் தெளிக்க ஓர் ஆள் இல்லையா?

காலை ஐந்தரை மணிக்குக் கதவைத் திறந்தால், வாசலில் கார் முன்னங்காலை மடக்கிப் படுத்திருக்கிறது. கட்டுத்தறியில் மாடுகூட எழுந்துவிட்டது, இது எழவில்லை. இடதுபக்க முன்சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் ஒரு விரல் நுழையாது. சாவியைத் திருகினால் அடியில் ஏதோ சிறிது நேரம் உறுமிவிட்டு அடங்கிவிடுகிறது. திரையில் மஞ்சள் விளக்கு. பால்காரர் வண்டியை நிறுத்திப் பார்த்தார். "எங்கேயோ காற்று ஒழுகுகிறதுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். லட்ச ரூபாய் வாங்கிக்கொண்டவர்களுக்குத் தெரியாதது பால் ஊற்றுகிறவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஆமாம், ஏர் சஸ்பென்ஷன் வைத்த வண்டிதான்; இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில், காற்றடைத்த ரப்பர் பலூன்கள்மேல் நிற்பது. பழையதாகத்தான் வாங்கினேன். உனக்கு எதற்கு இந்தப் பகட்டு என்று நீங்களும் கேட்க வேண்டாம். அப்பாரு தினமும் கேட்கிறார், அது போதும். என் வயிற்றெரிச்சல் வண்டிமேல் இல்லை. 14 மாதங்களுக்கு முன்பு இதே இடது காலை மடக்கிப் படுத்தபோது ஒரு சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். "பலூனுக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசர் போய்விட்டது சார், மாற்றித்தான் ஆக வேண்டும்" என்றார்கள். மாற்றினார்கள். ஒரு லட்சத்துக்கு மேல் வாங்கினார்கள். வண்டியைக் கழுவி, சீட்டுக்குப் பாலித்தீன் உறை போட்டு, மல்லிகை வாசனை அட்டை ஒன்றைக் கண்ணாடியில் தொங்கவிட்டுக் கொடுத்தார்கள். இப்போது அந்தப் புதுக் கம்ப்ரசரும் போய்விட்டதாம். வாரண்டி 12 மாதம்தானாம். மறுபடியும் மாற்றித்தான் ஆக வேண்டுமாம்.

ஏன் போனது என்று கேட்டேன். "எலக்ட்ரிக்கல் பொருள் சார், எப்போது போகும் என்று சொல்ல முடியாது" என்றார் அந்த சர்வீஸ் சென்டர் மேலாளர். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. கையில் சோப்பு நுரை பட்ட அடையாளமே இல்லை.

திருச்செங்கோட்டில், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருக்கும் மாமாவிடம் அன்று இரவே புலம்பினேன். நிமிடத்துக்கு ஆயிரம் கன அடிக்குமேல் காற்றைத் தள்ளி, கரும்பாறையைத் தூளாக்கி மேலே ஊதித்தள்ளும் கம்ப்ரசரோடு வாழ்கிறவர் அவர். முழுவதும் கேட்டுவிட்டு ஒரே வார்த்தைதான் சொன்னார்: "வாய்க்கால் கரையில் நண்டு வளை போட்டிருக்கிறது மாப்பிள்ளை. கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று நீ மோட்டாரை மாற்றியிருக்கிறாய்."

மறுநாளே வந்தார். துணி சோப்பைக் கரைத்து, பூச்செடிக்கு அடிக்கும் கைத்தெளிப்பானில் ஊற்றி, இடது முன்சக்கரத்துக்கு உள்ளே இருக்கும் ரப்பர் பலூன்மேல் அடித்தார். அரை நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு பலூனின் கீழ் மடிப்பில், நகத்தால் கீறியதுபோல் இருந்த வெடிப்பு வழியாக, கடுகு கடுகாக நுரை கிளம்பியது. சிறிது நேரத்தில் அது நுங்கு அளவுக்கு வளர்ந்தது. பத்து ரூபாய் சோப்பில் பாதிகூடக் கரையவில்லை. 14 மாதங்களுக்கு முன்பு இதைச் செய்ய எந்த நாட்டுப் பொறியாளர் வரவேண்டியிருந்தது?

கம்ப்ரசர் தானாகச் சாகவில்லை, அடித்துக் கொல்லப்பட்டிருக்கிறது. பலூனில் கசிவு இருந்தால் வண்டி இறங்கும். உயரத்தைப் பார்க்கும் சென்சார் கம்ப்ரசரை எழுப்பிவிடும். அது காற்றடிக்கும், காற்று ஒழுகும், மறுபடி அடிக்கும். கொஞ்ச நேரம் மட்டும் ஓடி ஓய்வெடுக்க வேண்டிய சிறிய யந்திரம் நாள் முழுக்க செக்கிழுத்தால், பிஸ்டன் ரிங் தேய்ந்து, சூடேறி, தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளாமல் என்ன செய்யும்? இதற்கு மேலும் ஒரு கொடுமை இருக்கிறது. உள்ளே போகும் காற்றின் ஈரத்தை உறிஞ்ச சிலிகா மணிகள் நிரப்பிய டிரையர் ஒன்று உண்டு. வண்டி முறையாகத் தாழும்போது உலர்ந்த காற்று அதே டிரையர் வழியாகத் திரும்பி வந்து, மணிகளின் ஈரத்தையும் வாரிக்கொண்டு வெளியேற வேண்டும். பலூனிலேயே காற்று ஓடிவிட்டால் திரும்பி வர என்ன இருக்கிறது? மணிகள் நனைந்து நனைந்து, அந்த ஈரம் வால்வுகள்வரை போகிறது. ஒரு வெடிப்பு, மூன்று பாகத்துக்குக் கேடு. பில்லும் மூன்று.

சரி, வீட்டிலேயே மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். கம்ப்ரசர், பலூன், ரிலே மூன்றையும் வெளியிலிருந்து வரவழைத்தேன். சர்வீஸ் சென்டர் சொன்ன தொகையில் பாதிகூட ஆகவில்லை. கம்ப்ரசருக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்சுதான் ரிலே. அதை விடக்கூடாது, பழைய ரிலே உள்ளே ஒட்டிக்கொண்டால் புதுக் கம்ப்ரசர் நிற்காமல் ஓடிக் கருகும். ஞாயிற்றுக்கிழமை, களத்து சிமென்ட் தரையில் வேலை. முதலில் திரையில் போய் ஜாக்கி நிலையைப் போட வேண்டும். இல்லாவிட்டால் நாம் தூக்கத் தூக்க வண்டி தன் உயரத்தைத் தானே சரிசெய்யப் பார்க்கும். நான்கு ஸ்டாண்டுகளில் உட்கார வைக்காமல் அடியில் தலையை விட மாமா அனுமதிக்கவே இல்லை. காற்றை நம்பி நிற்கும் வண்டி, சொல்லிவிட்டு உட்காராது.

கம்ப்ரசரைப் பிடித்திருப்பவை மூன்றே போல்ட்டுகள். இரண்டு, மரியாதையாகக் கழன்றன. மூன்றாவது கண்ணுக்குத் தெரியாது, விரல் நுனிக்கு மட்டும் தட்டுப்படும். இதை வரைந்தவருக்குக் கையில் இன்னொரு முழங்கை இருந்திருக்க வேண்டும். ஒன்றரை மணி நேரம். முட்டியில் தோல் போனது. தென்னை மரத்தடியில் கட்டிலில் படுத்திருந்த அப்பாரு, "அம்பாசடரில் பின்னால் பட்டை ஸ்பிரிங்தான் கண்ணு, முறிந்தால் பட்டறையில் அடித்துப் போட்டுவிடலாம்" என்று மூன்றாவது முறையாகச் சொன்னார்.

காற்றுக் குழாய் பென்சிலைவிட மெல்லியது. டயரில் 35 பிஎஸ்ஐ என்றால் இதற்குள் அதைப்போல் ஐந்தாறு மடங்கு அழுத்தம் நிற்கலாம். பித்தளை நட்டைக் கால் சுற்று திருகி நிறுத்தினோம். சாரைப்பாம்புபோல் சீறி அடங்கியது. குழாய் நுனியைப் புது பிளேடால் நேராக வெட்டி, புது நட்டில் கடைசிவரை அழுத்திச் செருகினோம். கோணலாக வெட்டினால் அதுவே அடுத்த கசிவு. பலூனை மாமாவின் மெக்கானிக் ஒரு மணி நேரத்தில் மாட்டிவிட்டார். பிழைக் குறியீட்டை அழித்து உயரத்தைப் பதிய ஸ்கேனர் வேண்டுமே! அதற்கு ஈரோட்டிலிருந்து ஒரு தம்பி வந்து 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அவர் முதலில் கேட்டதே "கசிவு பார்த்துவிட்டீர்களா அண்ணா?" என்றுதான்.

பொறுக்க முடியாதது இதுதான். நீலகிரி பைக்காராவிலிருந்து நீர்மின்சாரம் வந்த 1930களிலிருந்து மோட்டாரும் பம்பும் செய்து பிழைக்கும் கோவைச் சீமை இது. ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் கீழே போனால் கம்ப்ரசர் மாட்டி ஊதி எடுக்கிறோம். கோவை கணபதி பக்கம் தெருவுக்குத் தெரு லேத் ஓடுகிறது. இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, "ரிங் தனியாகக் கிடைக்காது சார், முழு யூனிட்தான்" என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள்!

கழற்றிய பழைய கம்ப்ரசரை மாமா அன்றே பிரித்தார். டிரையரில், ஜவ்வரிசிபோல் உருள வேண்டிய மணிகள் மழைக்கால உப்பாகக் கட்டியிருந்தன. மோட்டாருக்கு ஒன்றும் இல்லை. கறுப்பு ரிங் மட்டும் ஒருபக்கம் காகிதமாய்த் தேய்ந்திருந்தது. தெரிந்த லேத்தில் டெஃப்லான் துண்டைக் கடைந்து அதே அளவில் ஒரு ரிங் போட்டார். கூலி 300 ரூபாய். எந்தக் கம்ப்ரசர் செத்துவிட்டது என்று லட்ச ரூபாய்க்கு மறுபடி எஸ்டிமேட் போட்டார்களோ, அது இப்போது எங்கள் களத்தில் டிராக்டர் பேட்டரியில் ஓடுகிறது. நேற்று அப்பாருவின் மொபெட்டுக்கு இரண்டு சக்கரமும் அதுதான் காற்றடித்தது.