தெரியாததை விட்டுடு என்று நீட் எழுதும் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள்

"தெரியலைன்னா விட்டுடு, நெகட்டிவ் போயிடும்." நீட் எழுதப்போகும் பிள்ளைகளுக்கு வீட்டிலும் பள்ளியிலும் கிடைக்கும் அறிவுரைகளிலேயே அதிகக் கெடுதல் செய்வது இதுதான் என்பது என் கருத்து. நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் கணக்கு அதற்கு நேர் எதிராக இருக்கிறது.

சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறானால் 1 கழியும். விட்டால் 0. நாலு ஆப்ஷன். எதுவுமே தெரியாமல் இங்கி பிங்கி பாங்கி போட்டு ஷேட் பண்ணினால்கூட, சராசரியாக நாலு கேள்விக்கு ஒன்று சரியாக விழும். 4 வரும், 3 போகும், 1 கையில் நிற்கும். ஒரு ஆப்ஷன் தவறு என்று உறுதியாகத் தெரிந்து அதை அடித்துவிட்டால், மூன்று கேள்விக்கு 2 மதிப்பெண் மிச்சம். இரண்டை அடித்துவிட்டால் இரண்டே கேள்விக்கு 3 மிச்சம். ஐந்தில் ஒன்று சரியானாலே நஷ்டமில்லை என்பதுதான் இந்தத் தேர்வின் விதி.

எல்லாத் தேர்வுக்கும் இது பொருந்தாது. யுபிஎஸ்சி முதல்நிலைத் தேர்வில் தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு கழியும். நாலு ஆப்ஷனில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைப் போட்டால் வந்ததும் போனதும் சரியாகிவிடும். ஐந்து ஆப்ஷனும் கால் மதிப்பெண் கழிவும் உள்ள வங்கித் தேர்வுகளிலும் அதே கதைதான். அந்தத் தேர்வுகள் எழுதிய அண்ணன்களும் சித்தப்பாக்களும் தங்கள் அனுபவத்தை அப்படியே நீட்டுக்கும் சொல்கிறார்கள். விதி வேறு என்பது கவனத்துக்கு வருவதில்லை.

நீட் வேண்டுமா என்பது தனி விவாதம். அதில் என் எதிர்ப்பு மாறவில்லை. ஆனால் இந்த வருடம் எழுதப்போகிற பிள்ளை அந்த விவாதம் முடியும்வரை காத்திருக்க முடியாது.

இந்த அறிவுரையால் அதிகம் அடிபடுவது 720க்கு 650 எடுக்கும் பிள்ளை இல்லை. அவளுக்கு விடுவதற்கே நாலைந்து கேள்விதான் இருக்கும். அடிபடுவது தகுதி மதிப்பெண்ணின் விளிம்பில் நிற்கும் அரசுப் பள்ளி மாணவர்கள். 2025இல் தகுதி மதிப்பெண் பொதுப்பிரிவுக்கு 144, ஓபிசி, எஸ்சி, எஸ்டி பிரிவுகளுக்கு 113. நம் மாநிலம் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தரும் 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் இடம் கேட்கவும் முதலில் இந்தக் கோட்டைத் தாண்டியாக வேண்டும். 105 மதிப்பெண்ணில் நிற்கும் ஒரு பையன் 180 கேள்வியில் 60ஐ வெறுமனே விட்டுவிட்டு வருகிறான் என்று வையுங்கள். அந்த 60ஐயும் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பியிருந்தால் சராசரியாக 15 மதிப்பெண் கூடியிருக்கும். ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். அப்படி நிரப்பும் ஏழு பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு மதிப்பெண் குறையவும் செய்யும். ஆனால் 105இலேயே நின்றால் அவனுக்குக் கிடைப்பது எதுவும் இல்லை. அவன் துணிந்துதான் ஆகவேண்டும்.

இதுவும் குருட்டாம்போக்கில் விடை போடுவதைப் பற்றிய கணக்குதான். நிஜத்தில் பிள்ளைகள் "தெரியாது" என்று விடும் கேள்விகளில் பெரும்பகுதி அவர்களுக்குப் பாதி தெரிந்தவை. நான் எடுக்கும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஒரு மாணவி இயற்பியல் கேள்வி ஒன்றை விட்டிருந்தாள். உராய்வுள்ள சாய்தளத்தில் சறுக்கி இறங்கும் கட்டையின் முடுக்கம் என்ன என்று கேள்வி. "ஃபார்முலா மறந்துடுச்சு மிஸ்" என்றாள். ஆப்ஷன்கள்: g(sinθ − μcosθ), g(cosθ − μsinθ), g(sinθ + μcosθ), g sinθ/μ. (θ சாய்வுக் கோணம், μ உராய்வின் அளவு, g புவியீர்ப்பு முடுக்கம்.)

"சரிம்மா, ஃபார்முலாவை விடு. சாய்தளத்தை நிமிர்த்திச் செங்குத்தா வெச்சா கட்டை என்ன ஆகும்?"

"நேரா கீழ விழும் மிஸ்."

"அப்போ முடுக்கம்?"

"g."

θ இருக்கும் இடத்தில் 90 டிகிரியைப் போட்டுப் பார்த்தாள். இரண்டாவதும் நாலாவதும் g தரவில்லை, போய்விட்டன. உராய்வு வேகத்தைக் கூட்டுமா குறைக்குமா என்று கேட்டேன். மூன்றாவதை அவளே அடித்தாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இதை யூகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அந்தப் பெண்ணுக்கு இயற்பியல் தெரிந்திருக்கிறது. லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் கோச்சிங் சென்டர்களில் இதைத் தனிப் பாடமாகவே நடத்துகிறார்கள். நம் பிள்ளைகளுக்குக் கிடைப்பது "விட்டுடு" மட்டும்தான்.

உயிரியலில் பொருத்துக கேள்விகள் இதற்கு இன்னும் வசதி. மலேரியா, டைபாய்டு, யானைக்கால், படர்தாமரை என்று நாலு நோய், எதிரே நாலு கிருமி. டைபாய்டுக்கு சால்மோனெல்லா என்று ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரிந்தாலே பெரும்பாலும் இரண்டு ஆப்ஷன் கழன்றுவிடும். மலேரியாவும் தெரிந்தால் பல சமயம் விடையே தனியாக நிற்கும். தமிழில் எழுதுபவர்கள் குழப்பமான சொல் வந்தால் அதே தாளில் இருக்கும் ஆங்கில வரியையும் பார்த்துவிடுங்கள். மொழிபெயர்ப்பில் சந்தேகம் எழுந்தால் ஆங்கிலமே இறுதி என்பதுதான் விதி.

பெண் பிள்ளைகளின் பெற்றோருக்குத் தனியாக ஒன்று. கேத்தரின் கோஃப்மன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், தவறுக்கு மதிப்பெண் கழியும்போது, சமமாகத் தெரிந்த ஆண்களைவிடப் பெண்கள் அதிகக் கேள்விகளை விடுகிறார்கள் என்று கண்டார். சிலி நாட்டின் கல்லூரி நுழைவுத் தேர்வில் கழிவை நீக்கிய பிறகு இந்த இடைவெளி வெகுவாகச் சுருங்கியது. என் வகுப்பிலும் இதைத்தான் பார்க்கிறேன். மூன்று ஆப்ஷனை அடித்துவிட்டு, மிச்சமிருக்கும் ஒன்றை ஷேட் பண்ணப் பயந்து விட்ட பெண்ணும் உண்டு. சிறுவயதிலிருந்து "தப்பு பண்ணிடாதே" என்று சொல்லி வளர்த்ததன் விலை இது. மகளிடம் தேர்வுக்கு முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: தப்பானாலும் பரவாயில்லை, போடு.

எல்லாவற்றுக்கும் 'சி' போடு, குறைவாக வந்திருக்கும் எழுத்தைப் போடு என்றெல்லாம் சொல்லும் யூடியூப் குறுக்குவழிகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. விடைகள் நாலு எழுத்திலும் சமமாகத்தான் வரும் என்று யாரும் உறுதி தரவில்லை. மேலே 700ஐ ஒட்டி நிற்பவர்கள் மட்டும் கொஞ்சம் யோசிக்கலாம். மொத்த மதிப்பெண் சமமானால் உயிரியல், வேதியியல், இயற்பியல் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, அதன்பின் தவறுக்கும் சரிக்குமான விகிதத்தைப் பார்க்கிறார்கள். மற்றவர்களுக்கு இந்தக் கவலை வேண்டாம்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இனி நடத்தும் ஒவ்வொரு மாதிரித் தேர்விலும், யூகித்துப் போட்ட கேள்விகளின் பக்கத்தில் வினாத்தாளில் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். எத்தனை ஆப்ஷனை அடித்தார்கள் என்றும் குறிக்கட்டும். திருத்திய பிறகு அந்தப் புள்ளிகளை மட்டும் எடுத்து வரவு, கழிவு கணக்கை அவர்களையே போட வையுங்கள். நாம் வாயால் எவ்வளவு சொன்னாலும் போகாத பயம், தன் கையெழுத்தில் அந்தக் கூட்டல் வரும்போது குறைவதை நான் பார்த்திருக்கிறேன். கடைசி பத்து நிமிடத்தை மிச்சக் கேள்விகளுக்கென்று ஒதுக்கவும் அங்கேயே பழக்குங்கள். ஓஎம்ஆர் தாளில் பேனாவால் நிரப்பியதை அழிக்க முடியாது. பதற்றத்தில் ஒரே கேள்விக்கு இரண்டு வட்டம் நிரம்பிவிட்டால் அதுவும் தவறு என்றே கணக்காகி 1 போய்விடும்.