வடிவான ஜேர்மனியும் வாடகை கட்டுற ஜேர்மனியும்

விடுமுறைக்கு ஜேர்மனி வருகிற எங்கட சொந்தக்காரர் எதைப் புகழ்கிறார்களோ, இங்கே இருக்கிற எங்களுக்கு அதுதான் தலையிடி. அவர்கள் எதைக் குறை சொல்கிறார்களோ, பெரும்பாலும் அதற்காகத்தான் நாங்கள் இன்னும் இங்கே இருக்கிறோம். லண்டன்காரரும் ரொறன்ரோக்காரரும் விமானம் ஏறிப் போன பிறகு ஒவ்வொரு வருசமும் எனக்கு இந்த எண்ணம் வரும். இந்த முறை எழுதிவிடுகிறேன். கோபிக்கிறவர்கள் கோபிக்கலாம், அடுத்த கோடைக்கும் சோறு இருக்கும்.

முதலில் ரயில். லண்டன் மச்சான் பிராங்பேர்ட்டில் இருந்து கொலோனுக்கு ஐசிஇ என்கிற அதிவேக ரயிலில் வந்தார். மணிக்கு 300 கிலோமீற்றர் ஓடக்கூடிய பாதை. அன்றைக்குப் பார்த்து நேரத்துக்கே வந்துவிட்டது. "உங்கட நாட்டில ரெயின் எல்லாம் மணிக்கூடு மாதிரி ஓடுது" என்று போகும்வரைக்கும் அதே கதை. மச்சான், 2024இல் இந்த நாட்டின் நெடுந்தூர ரயில்களில் நேரத்துக்கு வந்தது 62.5 வீதம்தான். அதிலும் ஆறு நிமிடத்துக்குள் பிந்தினால் அது "நேரத்துக்கு வந்தது" என்று கணக்கு. அடியோடு ரத்தான ரயில் அந்தக் கணக்குக்குள்ளேயே வராது. பிந்தி வருகிற ஜேர்மன் ரயிலைச் சுவிஸ்காரர் பல தடவை எல்லை நகரமான பாசலிலேயே மறித்துவிடுவார்கள், தங்கட நேர அட்டவணை குழம்பக் கூடாதென்று. 1994இல் ரயில்வேயைக் கம்பெனியாக மாற்றினார்கள். பிறகு பங்குச்சந்தைக்குக் கொண்டுபோகப் போகிறோம் என்று செலவைக் குறைத்தார்கள். 2008 நிதி நெருக்கடியோடு அந்தத் திட்டம் படுத்துவிட்டது, பிடுங்கின தண்டவாளம் திரும்பி வரவில்லை. ஹம்மில் இருந்து ஆகன் வரைக்கும் போகிற ஆர்இ 1 என்கிற பிராந்திய ரயிலில் தினமும் வேலைக்குப் போகிறவனைக் கேளுங்கள், மணிக்கூட்டுக் கதை சொல்லுவான்.

அதிவேகச் சாலையும் அப்படித்தான். "வேகக் கட்டுப்பாடே இல்லையாமே!" என்று கண்ணை அகட்டுவார்கள். டோட்முண்ட்டில் இருந்து பிராங்பேர்ட் போகிற ஏ45-இல் லூடன்ஷைட்டுக்குப் பக்கத்துப் பாலம் இனித் தாங்காது என்று 2021 டிசம்பரில் ஒரே நாளில் மூடினார்கள். 2023 மேயில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். வருசக்கணக்காகப் பாரவண்டி முழுக்க அந்தச் சின்ன ஊருக்குள்ளால்தான் போனது. 2024 செப்டெம்பரில் டிரெஸ்டனில் கரோலா பாலத்தின் ஒரு பகுதி இரவோடு இரவாக எல்பே ஆற்றுக்குள் விழுந்தது. அதே டிரெஸ்டனுக்குப் போய், 2005இல் மீளக் கட்டி முடித்த பிரவுன் தேவாலயத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்து அனுப்புகிறார்கள், "பழமையை எப்படிப் பாதுகாத்திருக்கிறான் பாருங்கோ" என்று.

பழமை என்றதும் பிராங்பேர்ட் ரோமர்பேர்க் சதுக்கம். மரச்சட்டம் போட்ட, கூம்புக் கூரை வீடுகள். மச்சாளுக்கு அங்கே நின்றால் பதினைந்தாம் நூற்றாண்டில் நிற்கிற மாதிரி இருந்ததாம். 1944 மார்ச் குண்டுவீச்சில் அந்தப் பழைய நகரம் எரிந்துபோனது. அந்த வீட்டு வரிசை 1980களின் முற்பகுதியில் கட்டியது, மச்சாளை விட வயது குறைவு. அதற்குப் பக்கத்தில் "புதிய பழைய நகரம்" என்று 35 வீடுகளை 2018இல் திறந்தார்கள். அதில் 15 தான் பழையதைப் பார்த்துத் திருப்பிக் கட்டியவை, மிச்சம் புதிய வரைபடம். நான் குறை சொல்லவில்லை, வடிவாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைப் பார்த்துவிட்டு எங்கட டோட்முண்ட்டுக்கு வந்து, "என்ன இது, பெட்டி பெட்டியாக் கட்டி வச்சிருக்கினம்?" என்றால் எனக்குப் பொறுக்காது.

பெட்டிதான். 1945 மார்ச் 12ஆம் திகதி ஒரே பகலில் ஆயிரத்துக்கு மேற்பட்ட விமானங்கள் வந்து இந்த நகரத்தில் குண்டு போட்டன. போர் முடிய, சுரங்கத்திலும் உருக்கு ஆலையிலும் வேலை செய்தவர்களுக்கு உடனே கூரை வேண்டும். கூம்பு வைக்க ஆருக்கு நேரம்? இன்றைக்கு எங்களைப் போன்றவர்கள் குடியிருப்பது அந்தப் பெட்டிகளில்தான். அதில் வாடகைக்கு இருக்கிறவனை, ஒழுங்காக வாடகை கட்டும்வரைக்கும், சட்டத்தில் சொன்ன காரணம் இல்லாமல் வீட்டுக்காரன் எழுப்ப ஏலாது. லண்டனில் ஒவ்வொரு வருசமும் ஒப்பந்தம் புதுப்பிக்க நடுங்கின சொந்தக்காரர்தான் எனக்கு வீட்டின் வடிவைப் பற்றிப் பாடம் எடுக்கினம்.

சித்தப்பாவின் கண் வேறு. அவர் 84இல் கிழக்கு பேர்லினில் இறங்கி, நகர ரயில் ஏறி மேற்கு பேர்லினுக்கு வந்த கூட்டத்தில் ஒருவர். பிறகு டோட்முண்ட் இருக்கிற இந்த ரூர் தொழிற்பகுதிப் பக்கம் அனுப்பினார்கள். அகதி வழக்கு முடியும்வரை குறித்துக் கொடுத்த எல்லையைத் தாண்டப் படாது. பக்கத்து ஊரில் கலியாணம் என்றாலும் கையில் அனுமதிக் கடிதம் இருக்க வேண்டும். அதனால் அவருக்குக் கோட்டையும் தெரியாது, ரைன் நதிப் படகும் தெரியாது. தெரிந்ததெல்லாம் டோட்முண்ட், ஹோர்டேயில் இருந்த உருக்கு ஆலை, எம்ஷர் ஆற்று நாற்றம். நூறு வருசத்துக்கு மேலாக அந்த ஆறு திறந்த சாக்கடை. சுரங்கத்தால் நிலம் தாழ்ந்துகொண்டே போனதால் நிலத்துக்குக் கீழே குழாய் புதைக்க முடியாமல், ரூர் கழிவை வாய்க்கால் கட்டி மேலாலேயே விட்டார்கள்.

2001இல் அந்த உருக்கு ஆலை மூடியது. சீனர்கள் வந்து ஆணி ஆணியாகக் கழற்றி, கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆலை நின்ற பள்ளத்துக்குள் 2010இல் தண்ணீர் விட்டார்கள். அதுதான் இன்றைய ஃபீனிக்ஸ் ஏரி. பக்கத்தால் ஓடுகிற எம்ஷருக்குள் 2021 முடிவில் இருந்து கழிவு விழுவதில்லை. முப்பது வருச வேலை, ஐந்து பில்லியன் யூரோவுக்கு மேல் செலவு. வருகிறவர்களை அங்கே கூட்டிக்கொண்டு போனால், "நல்ல ஏரி, கோப்பி குடிப்பமா?" என்பார்கள், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். சித்தப்பா மட்டும் பாலத்தில் நின்று ஆற்றை மணந்து பார்ப்பார். "ஒண்டும் மணக்கேல்லையடா" என்று சொல்லும்போது அவருக்கு வருகிற சந்தோசம், கொலோன் தேவாலயக் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிற ஆருக்கும் வந்து நான் காணவில்லை.

இனி ஞாயிற்றுக்கிழமை. "என்ன செத்த வீடு மாதிரி கிடக்கு?" இது எல்லாரும் சொல்வது. கடை பூட்டு. ரொறன்ரோக்காரருக்கு விளங்கவே விளங்காது, காசு வருகிற நாளில் ஏன் பூட்டுகிறான் என்று. ஞாயிறு ஓய்வு என்பது ஜேர்மனியின் 1919 வைமார் அரசியலமைப்பில் எழுதியது, இன்றைய அரசியலமைப்பான அடிப்படைச் சட்டத்துக்குள்ளும் அப்படியே இருக்கிறது. பேர்லின் அரசு நத்தாருக்கு முந்தைய நாலு ஞாயிறும் தொடர்ந்து கடை திறக்கலாம் என்று விட்டபோது, 2009இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அது செல்லாது என்று சொல்லிவிட்டது. என் மனைவி சுப்பர்மார்க்கெட்டில் காசுப் பெட்டியில் இருக்கிறா. வாரத்தில் ஒரு நாளாவது முதலாளி கூப்பிட மாட்டான் என்ற நிச்சயம் அவவுக்கு இருக்கிறது. உணவகக் குசினியில் வேலை செய்த எங்கட முதல் தலைமுறைக்கு அது இருக்கவில்லை, ஏனென்றால் உணவகம் திறக்கலாம். ஞாயிற்றுக்கிழமையின் பெறுமதியை அவர்களிடம் கேட்க வேண்டும், சாமான் வாங்க வந்தவர்களிடம் இல்லை.

எல்லா விருந்தாளியும் ஒன்றில்லை. யாழ்ப்பாணத்தில் இருந்து பெரியம்மா வந்து மூன்று மாத விசா முடியும்வரை நின்றா. பார்க்கப் போவதற்கு இடம் எதுவும் கேட்கவில்லை. காலையில் நடப்பா, வீட்டுக்கு வந்து கேள்வி கேட்பா. "தம்பி, அந்த வெள்ளைக்காரக் கிழவர் ஏன் குப்பைத் தொட்டிக்குள்ள கை விடுறார்? பென்சன் இல்லையோ?" வெறும் போத்தலைக் கடையில் கொடுத்தால், ஒருமுறை பாவிக்கிற பிளாஸ்டிக் போத்தலுக்கு 25 சென்ற், பியர் போத்தலுக்கு 8 சென்ற் திருப்பிக் கொடுப்பார்கள். மற்ற விருந்தாளிகள் "என்ன சுத்தமான நாடு, தெருவில ஒரு போத்தல் இல்லை" என்று வியப்பது அந்தக் கிழவர் பொறுக்குவதாலும்தான். அதைக் காண எங்களுக்கே கண் பழகிவிட்டது. பெரியம்மாவின் கேள்விக்கு நான் ஓய்வூதியச் சட்டம் எல்லாம் விளங்கப்படுத்தினேன். அவ நம்பவில்லை.

ஹம் காமாட்சி அம்பாள் தேருக்கு வருகிறவர்கள், "இவ்வளவு பெரிய கோயில் கட்ட விட்டிருக்கினமே, என்ன பெருந்தன்மை" என்பார்கள். உண்மைதான். 2002இல் குடமுழுக்கு நடந்தபோது நாங்களும் அழுதோம். ஆனால் கோயில் ஏன் உயென்றோப் தொழிற்பேட்டைக்குள், கால்வாய்க் கரையில் நிற்கிறது என்று ஆரும் கேட்பதில்லை. முதலில் அது நகரத்துக்குள், வீட்டு நிலவறைக்குள் இருந்தது. திருவிழாவுக்குச் சனம் கூடக் கூட, சத்தம், கார் விட இடமில்லை என்று அயலவர் முறைப்பாடு. பெருந்தன்மையும் இருந்தது, தள்ளிவைப்பும் இருந்தது. இரண்டும் சேர்ந்துதான் அந்த இடம் கிடைத்தது.

கடைசியாக ஒன்று, இதில் எனக்குக் கோபமே வரும். டோட்முண்ட்டின் வடக்குப் பகுதியான நோர்ட்ஸ்டாட்டைக் கைபேசியில் தேடிப் பார்த்துவிட்டு, "நோர்ட்ஸ்டாட் பக்கம் போகக் கூடாதாம், வெளிநாட்டுக்காரர் நிறைய, ஆபத்தாம்" என்று எனக்கே சொல்கிறார்கள். நான் மரக்கறி வாங்குவது அங்கேதான். போதைப்பொருள் இல்லை, களவு இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதே நோர்ட்ஸ்டாட்டில் 2006 ஏப்ரல் 4ஆம் திகதி மெஹ்மெட் குபாஷிக் என்ற மனிதரை அவருடைய சின்னக் கடைக்குள் வைத்துச் சுட்டுக் கொன்றது நவநாசிக் கும்பல். 2011 வரைக்கும் பொலிஸ் சந்தேகப்பட்டது அவருடைய குடும்பத்தை. 2025 அக்டோபரில் சான்சலர் மெர்ஸ், குடிவரவையும் நகரங்களின் தோற்றத்தையும் சேர்த்துக் கதைத்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்தக் கடைதான். நகரத்தின் தோற்றத்தைக் கெடுக்கிறவர் ஆர் என்று ஊகிக்க, எங்களுக்கு முகம் பார்க்கிற கண்ணாடி போதும். அதே கண்ணாடி வைத்திருக்கிற எங்கட ஆட்களும் நோர்ட்ஸ்டாட்டைப் பற்றி அதே மாதிரிக் கதைக்கிறார்கள் என்பதுதான் விசர் பிடிக்க வைக்கிறது.

அடுத்த வருசம் தேருக்கு வாறவை தயவுசெய்து திங்கட்கிழமையும் நில்லுங்கோ. விடிய ஆறு மணி ஆர்இ 1-இல் என்னோட வேலைக்கு வாங்கோ, வந்தால் வரும். பின்னேரம் நோர்ட்ஸ்டாட்டில கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வருவம். ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டிய பாலும் பாணும் சனிக்கிழமையே வாங்கி வையுங்கோ, பிறகு எனக்குப் போன் எடுக்கப் படாது.