எவ்வளவு கிட்டே போகலாம் என்று பெட்டியில் ஏன் எழுத மாட்டேன் என்கிறீர்கள்?

50 மெகாபிக்சல், 108 மெகாபிக்சல், 200 மெகாபிக்சல் என்று போன் பெட்டி மேலே கொட்டை எழுத்தில் அச்சடிக்கக் கம்பெனிகளுக்குத் தெரிகிறது. அரை சாண் தூரத்தில் இருக்கும் ஒரு தேயிலைக் கொழுந்தை அந்தக் கேமரா தெளிவாக எடுக்குமா எடுக்காதா என்பதை மட்டும் எங்கேயும் எழுத மாட்டார்கள்.

நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம், குந்தாப் பக்கம் சிறு தேயிலை விவசாயிகள் இலையில் புள்ளி விழுந்தால் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கேட்கிறார்கள். படத்தில் பின்னால் நிற்கும் சில்வர் ஓக் மரத்தின் பட்டை வரி வரியாகத் தெரியும். முன்னால் இருக்கும் இலை பச்சையாக மசமசவென்று கிடக்கும். "இன்னும் கிட்டப் போய் எடுங்க" என்று பதில் வரும். கிட்டப் போனால் இன்னும் மோசமாகும். கிட்டப் போகச் சொன்னதே தப்பு என்பது படம் அனுப்பியவருக்கும் தெரியாது, அப்படிச் சொன்னவருக்கும் தெரியாது. போனைச் செய்த கம்பெனிக்குத் தெரியும், ஆனால் அது வாயைத் திறக்காது.

இதைப் பூப்படம் எடுப்பவர்களின் சில்லறைக் குறை என்று தள்ளிவிடாதீர்கள். தேயிலைச் செஞ்சிலந்தி சுமார் 0.4 மில்லிமீட்டர்தான். அது முற்றிய இலையின் மேல்புறத்தில் இருக்கும். கூடவே சிவந்த முட்டைகளும் வெள்ளைத் தோலுரிப்புகளும் கிடக்கும். இவை தெரிந்தால்தான் வந்திருப்பது சிலந்தியா வேறு ஏதாவதா என்று சொல்ல முடியும். கொப்புள நோய் முதலில் ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் ஊடுருவும் புள்ளியாகத்தான் ஆரம்பிக்கிறது. இலையின் அடியில் வெள்ளையாகப் புடைத்த பிறகு யார் வேண்டுமானாலும் கண்டுபிடிக்கலாம், ஆனால் அதற்குள் கொழுந்து போயிருக்கும். கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர்ப் பூண்டுத் தாளின் இடுக்கில் ஒளியும் இலைப்பேனின் நீளம் ஒரு மில்லிமீட்டர் அளவு. 1961இல் ஊட்டிப் பகுதியில் கண்டறியப்பட்டு, இன்றும் நீலகிரி உருளைக்கிழங்கை விடாத முட்டைக்கூடு நூற்புழுவின் கூடு வேரில் ஒட்டியிருக்கும் அரை மில்லிமீட்டர் மணி. இந்த மலைகளில் காசை அழிப்பதெல்லாம் இந்த அளவில்தான் இருக்கிறது. கையில் இருக்கும் முப்பதாயிரம் ரூபாய்ப் போனுக்கோ ஒரு சாணுக்குள் கண் தெரியாது!

இது ஏன் இப்படி ஆனது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டும். கோபம் வருவதே அங்கேதான்.

கேமராவுக்குள் லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்துவது வாய்ஸ் காயில் மோட்டார் என்ற குட்டிச் சாதனம். ஒரு காந்தம், ஒரு கம்பிச் சுருள், மெல்லிய ஸ்பிரிங், அவ்வளவுதான். பொருள் கிட்டே வர வர லென்ஸ், ஒளியைப் படமாக்கும் சில்லான சென்சாரை விட்டு விலக வேண்டும். எவ்வளவு விலக வேண்டும் என்பது குவியத் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பத்து வருடத்துக்கு முந்தைய போன்களில் சென்சார் சின்னது, லென்ஸின் குவியத் தூரம் 4 மி.மீ. அளவு. பத்து சென்டிமீட்டரில் இருக்கும் இலையைப் பிடிக்க அந்த லென்ஸ் 0.17 மி.மீ. நகர்ந்தால் போதும். இன்றைய ஒரு அங்குல வகை சென்சாருக்குச் சுமார் 9 மி.மீ. லென்ஸ் வேண்டும். அதே இலையை அதே தூரத்தில் பிடிக்க அது ஏறக்குறைய 0.9 மி.மீ. நகர வேண்டும், அதாவது ஐந்து மடங்கு. போனோ மெலிசாக இருக்க வேண்டும். மோட்டாருக்கு அவ்வளவு இடம் கொடுக்க மாட்டார்கள். அதனால் இருபது சென்டிமீட்டருக்கு இந்தப் பக்கம் வராதே என்று நிறுத்திவிடுகிறார்கள்.

ஐபோன் 12 ப்ரோவின் முதன்மைக் கேமரா 12 செ.மீ. வரை கிட்டே போகும். 13 ப்ரோவில் அது 15 ஆனது, 14 ப்ரோவில் 20, 15 ப்ரோவில் 24. வருடா வருடம் விலை ஏற ஏறப் பூவை விட்டுத் தள்ளித் தள்ளிப் போகிறது. ஆண்ட்ராய்டில் பெரிய சென்சார் போட்ட போன்களும் இதே பாதையில்தான் போகின்றன. பெரிய சென்சார் இருட்டில் நன்றாக எடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் எதை எடுத்துக்கொண்டு எதைக் கொடுத்தீர்கள் என்பதைக் காசு கொடுப்பவனிடம் சொல்ல வேண்டாமா?

இதற்கு அவர்கள் கண்டுபிடித்த ஒட்டுவேலை இன்னும் எரிச்சல். கிட்டே போனதும் போன் சத்தமில்லாமல், அகலமான காட்சியைப் பிடிக்கும் அல்ட்ரா வைட் கேமராவுக்கு மாறிவிடும். ஐபோனில் 2021இல் 13 ப்ரோவோடு வந்த மேக்ரோ என்ற நெருக்கப் பட வசதி இதுதான்; 2 செ.மீ. வரை போகும். பிக்சல் 7 ப்ரோவும் சாம்சங் அல்ட்ரா வரிசையும் இதே வழிதான். அந்த அல்ட்ரா வைடில் ஆட்டோஃபோகஸ் இருந்தால் இது நல்ல வசதி, சந்தேகமே இல்லை. ஆனால் திரையில் 1x என்று காட்டிக்கொண்டே பழைய ஃபிலிம் கேமராக் கணக்கில் 13 மி.மீ. எனப்படும் அகன்ற கோணத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குகிறார்கள். 12 மெகாபிக்சலில் உண்மையில் மிஞ்சுவது மூன்றரை. மீதியை மென்பொருள் இட்டு நிரப்புகிறது. நடு விலை, கீழ் விலைப் போன்களில் பெரும்பாலும் அல்ட்ரா வைடுக்கு ஆட்டோஃபோகஸே கிடையாது. அங்கே மாறுவதற்கும் ஒன்றும் இல்லை.

அந்த விலையில் இருப்பவர்களுக்குக் கொடுத்ததுதான் 2 மெகாபிக்சல் மேக்ரோ. இதை ஏமாற்று என்றே சொல்வேன். பின்பக்கம் ஒரு வட்டம் கூடத் தெரியட்டும், "மூன்று கேமரா", "நான்கு கேமரா" என்று போட்டுக்கொள்ளலாம் என்பதற்காக வைத்தது. ஃபோகஸ் நகராது, பெரும்பாலும் 4 செ.மீ.யில் நிலையாக நிறுத்தப்பட்டிருக்கும். மூன்றில் வைத்தாலும் மங்கல், ஐந்தில் வைத்தாலும் மங்கல். நாலு சென்டிமீட்டரில் போனை நீட்டினால் போனின் நிழலே பூவை மூடிவிடும். சென்சாரோ மிகச் சின்னது. கோத்தகிரி லாங்வுட் சோலைக்குள்ளோ கொடைக்கானல் பாம்பே சோலைக்குள்ளோ பகலிலேயே வெளிச்சம் மட்டு. அங்கே பாசியை இதில் எடுத்தால் கிடைப்பது பச்சை நிறத்தில் புள்ளிப் புள்ளியான இரைச்சல்தான். காசுக்குக் கேடு.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு அநியாயம் இருக்கிறது. இந்தக் குறைந்தபட்சத் தூரம் ஆண்ட்ராய்டு போனுக்கு உள்ளேயே பதிந்திருக்கிறது. கேமரா2 ஏபிஐ என்ற இடைமுகத்தில் ஒவ்வொரு கேமராவுக்கும் மிகக் கிட்டிய ஃபோகஸ் தூரம் டயாப்டர் கணக்கில் எழுதப்பட்டிருக்கும்; ஒரு மீட்டரை அந்த எண்ணால் வகுத்தால் தூரம் வரும். 10 என்றால் பத்து சென்டிமீட்டர், 5 என்றால் இருபது, 0 என்றால் அது ஃபோகஸ் நகராத கேமரா. இந்தத் தகவலைக் காட்டும் இலவச ஆப்கள் பிளே ஸ்டோரில் இருக்கின்றன. செயலிக்குச் சொல்லத் தெரிந்த எண்ணை வாங்குகிறவனுக்கு ஒரு வரியில் சொல்ல மனமில்லை. ரெஃப்ரிஜிரேட்டரில் எத்தனை லிட்டர் என்று எழுதாமல் விற்பார்களா?

சரி, கையில் இருக்கும் போனை வைத்து என்ன செய்வது?

முதலில், தள்ளிப் போங்கள். இலையிலிருந்து 25, 30 செ.மீ. விலகி 2x பொத்தானைத் தட்டுங்கள். 48, 50 மெகாபிக்சல் சென்சார்களில் 2x என்பது பெரும்பாலும் நடுப்பகுதிப் பிக்சல்களை நேரடியாக எடுப்பது. கிட்டே போய் மங்கலாக்குவதைவிட இது நூறு மடங்கு மேல். 3x, 5x பொத்தானை நம்ப வேண்டாம். தூரத்துப் பொருளைப் பெரிதாக்கும் டெலிஃபோட்டோ கேமராக்கள் நிறையவற்றுக்கு அரை மீட்டருக்கு மேல் தூரம் வேண்டும். கிட்டே இருந்து அழுத்தினால் போன் மெயின் கேமராவையே வெட்டிக் காட்டி ஏமாற்றும். விதிவிலக்காக, ஷாவ்மி 13 ப்ரோ மாதிரி சில போன்களின் (அதே ஃபிலிம் கேமராக் கணக்கில்) 75 மி.மீ. டெலிஃபோட்டோ 10 செ.மீ.யிலேயே ஃபோகஸ் ஆகும். இன்றைக்கு நெருக்கப் படத்துக்குச் சரியான வழி அதுதான். நிழல் விழாது, பூச்சியும் ஓடாது. எல்லா விலையிலும் இதைக் கொண்டுவர வேண்டும் என்று சண்டை போடத் தகுந்த அம்சம்.

அடுத்தது, பின்னணியைப் பிடித்துக்கொள்ளும் பிரச்சினை. மெல்லிய பூக்காம்பு, புல்வெளியில் விரல் நீளம் நிற்கும் பூச்சி தின்னும் ட்ரோசெரா, மரத்தில் தொங்கும் லைக்கன். ஃபோகஸ் கட்டத்தில் இவை பிடிக்கும் இடம் துளிதான். பின்னால் இருக்கும் மலைக்குத்தான் போன் போகும். திரையில் எத்தனை தடவை தட்டினாலும் முன்னே வந்து மறுபடி பின்னே ஓடும். பூவுக்கு ஒட்டிப் பின்னால், அதே தூரத்தில் உள்ளங்கையை வையுங்கள். பூவின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். ஐபோனில் ஏஇ/ஏஎஃப் லாக் என்று வரும். ஆண்ட்ராய்டில் பல போன்களில் பூட்டுக் குறி வரும். பிறகு கையை எடுத்துவிடுங்கள். அதன்பின் திரையைத் தொடவே கூடாது. உடம்பை மட்டும் ஒரு விரற்கடை முன்னும் பின்னும் அசைத்துத் தெளிவு வரும் இடத்தில் எடுங்கள். ப்ரோ மோடில் எம்எஃப் (கையால் ஃபோகஸ் செய்யும்) நழுவுகோல் இருந்தால் அதைக் கடைசிவரை பூப் படம் இருக்கும் பக்கம் தள்ளி விட்டு இதையே செய்யலாம். (முகம் அல்ல) இடது, வலது பக்க ஒளியை ஒப்பிட்டுத் தூரம் பார்க்கும் ஃபேஸ் டிடெக்‌ஷன் ஃபோகஸ் பல சென்சார்களில் ஒரு திசைக் கோடுகளைத்தான் நன்றாக உணரும். புல் இதழ் மாதிரிக் கோடான பொருளுக்குப் பிடிக்கவில்லை என்றால் போனைக் கிடையாகத் திருப்பிப் பாருங்கள்.

மூடுபனி இன்னொரு எமன். லேசர் ஃபோகஸ் உள்ள போன் கண்ணுக்குத் தெரியாத ஒளியை அனுப்பித் திரும்பி வரும் நேரத்தை அளக்கிறது. அடர்ந்த மூடுபனி அந்த ஒளியைப் பாதியிலேயே சிதறித் திருப்பிவிடும். பஸ் கண்ணாடி வழியாக எடுத்தாலும் இதே கதி. கூடவே லென்ஸ் மேல் ஈரம் படியும். குனிந்து எடுக்கும்போது உங்கள் மூச்சே போதும். காட்டன் துணியால் துடைத்துவிட்டு, மூச்சைப் பக்கவாட்டில் விட்டு எடுங்கள். கேமரா மேல் ஒட்டும் கண்ணாடி ஸ்டிக்கரைப் பிய்த்துப் போடுங்கள். ஈரமும் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஏறினால் லென்ஸ் நன்றாக இருந்தும் படம் பால் ஊற்றியது மாதிரி வரும்.

செஞ்சிலந்தி அளவுக்கு இறங்க வேண்டுமானால் 10x கைலென்ஸ்தான் கதி. தாவரவியல் மாணவர்களும் நகை மதிப்பீட்டாளர்களும் வைத்திருக்கும் அதே மடக்கு லென்ஸ், சில நூறு ரூபாய். கணக்கைப் பாருங்கள். 24 செ.மீ. தள்ளி 1x-ல் எடுத்தால் 12 மெகாபிக்சல் படத்தில் அந்த 0.4 மி.மீ. சிலந்தி நான்கைந்து பிக்சல்தான். எந்த ஏஐயும் அதிலிருந்து கால் எண்ண முடியாது. 10x லென்ஸ் வைத்தால் நாற்பது பிக்சலைத் தாண்டும். லென்ஸை மெயின் கேமரா மேல் ஒட்டினாற்போல் பிடியுங்கள். இலை லென்ஸிலிருந்து 2.5 செ.மீ.யில் இருக்க வேண்டும். ஆட்டோ மேக்ரோவை முதலில் அணையுங்கள், இல்லையென்றால் போன் பக்கத்துக் கேமராவுக்குத் தாவி லென்ஸின் விளிம்பைக் காட்டும். ஐபோனில் செட்டிங்ஸ், கேமரா, மேக்ரோ கன்ட்ரோல் போட்டால் பூக் குறி வரும், அதைத் தட்டினால் நிற்கும். இலையை இடது கைச் சுட்டுவிரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே பிடித்து, மிச்ச மூன்று விரல்களைப் போனின் விளிம்பில் முட்டுக் கொடுங்கள். காற்று அடித்தாலும் இலையும் போனும் சேர்ந்தே ஆடும். ஒரு படம் எடுத்து நிறுத்தாதீர்கள், வரிசையாகப் பத்து எடுங்கள். கொப்புள நோயின் முதல் புள்ளிக்கு இலையை வானத்துக்கு எதிராகப் பிடித்து அடியிலிருந்து எடுங்கள். வெளிச்சக் கோட்டைக் கொஞ்சம் மேலே இழுத்தால் புள்ளி தனியாகத் தெரியும். நோய் கேட்டு அனுப்பும்போது மேல்புறம் ஒன்று, அடிப்புறம் ஒன்று, முழுச் செடி ஒன்று, ஒரு ரூபாய்க் காசு பக்கத்தில் வைத்து ஒன்று என நான்கும் போகட்டும். வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட் ஆக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் சுருக்கிவிடும், பட்ட பாடெல்லாம் வீண். போர்ட்ரெய்ட் மோட் மட்டும் வேண்டவே வேண்டாம். ட்ரோசெராவின் ஒட்டுமயிர்களை அது பின்னணி என்று நினைத்து மழித்துவிடும். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், படத்துக்காக அந்தச் செடியைப் பிடுங்காதீர்கள்.

காந்த ஒட்டு வைத்த கவர், காந்த கிளிப் லென்ஸ் எதையும் கேமரா பக்கம் வைக்காதீர்கள். உள்ளே இருப்பதே காந்தத்தில் ஓடும் மோட்டார்தான். பைக் ஹேண்டில்பாரில் போனை மாட்டிக்கொண்டு கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குபவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. எஞ்சின் அதிர்வு ஃபோகஸையும் ஆட்டம் தடுக்கும் பகுதியையும் கெடுக்கும் என்று 2021இல் ஆப்பிள் நிறுவனமே சொல்லிவிட்டது. கிட்டேயும் பிடிக்காமல் தூரத்திலும் பிடிக்காமல் போனால் அது தூரக் கோளாறு அல்ல, பெரும்பாலும் மோட்டார் போயிருக்கும். கேமரா மாட்யூலையே மாற்ற வேண்டும்.

புதுப் போன் வாங்கப் போகிறீர்களா? ஊட்டி கமர்ஷியல் ரோடாகட்டும் கொடைக்கானல் ஏழு ரோட்டுப் பக்கமாகட்டும், ஒரு 30 செ.மீ. ஸ்கேலையும் பழைய செய்தித்தாளையும் கொண்டு போங்கள். ஆட்டோ மேக்ரோவை அணைத்து, 1x-ல் எழுத்தைத் தட்டி, போனை மெதுவாகக் கீழே கொண்டு வாருங்கள். எழுத்து எங்கே கலங்க ஆரம்பிக்கிறதோ அந்த சென்டிமீட்டரைக் குறியுங்கள். 12க்குள் வந்தால் நல்லது, 20ஐத் தாண்டினால் அல்ட்ரா வைடில் ஆட்டோஃபோகஸ் இருக்கிறதா என்று அதிலும் இதையே செய்து பாருங்கள். இரண்டிலும் இல்லையென்றால் எத்தனை மெகாபிக்சல் சொன்னாலும் பெட்டியை மூடித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஏன் வேண்டாம் என்பதையும் கடைக்காரரிடம் அந்த எண்ணோடு சொல்லிவிட்டு வாருங்கள்.