பில் யார் பெயரில் இருக்கிறது?

துபாயில் வேலை பார்க்கும் ஒருவர் இந்திய மியூச்சுவல் ஃபண்டில் மாதம் ஐயாயிரம் ரூபாய் போட நினைத்தால், அவர் துபாயில் எங்கே குடியிருக்கிறார் என்று முதலில் காகிதத்தில் காட்ட வேண்டும். என்ஆர்ஐ, அதாவது வெளிநாட்டில் வாழும் இந்தியர் என்றால், பணம் போடுபவர் யார் என்று சரிபார்க்கும் கேஒய்சி படிவத்தில் வெளிநாட்டு முகவரி கட்டாயம், அதற்குச் சான்றும் கட்டாயம். கேட்பதில் தப்பில்லை. ஆனால் எந்தக் காகிதத்தைக் கேட்கிறார்கள் என்று பார்த்தால், இந்த விதிகளை எழுதியவர்கள் துபாயின் கராமாவிலோ தேராவிலோ ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை என்பது தெரிந்துவிடும்.

இங்கே தபால்காரர் வீடு வீடாக வந்து கடிதம் போடுவதில்லை. கடிதமெல்லாம் பி.ஓ. பாக்ஸுக்குத்தான் வரும். அதுவும் பெரும்பாலும் கம்பெனியின் பாக்ஸ். எமிரேட்ஸ் ஐடியில் போட்டோ இருக்கும், பெயர் இருக்கும், நம்பர் இருக்கும், முகவரி மட்டும் இருக்காது. ஊரில் ஃபண்ட் கம்பெனிகளின் படிவத்தைப் பார்த்தால், பி.ஓ. பாக்ஸ் எண் மட்டும் போதாது என்று பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். மிச்சம் இருப்பது பெரும்பாலும் இரண்டே காகிதங்கள்: இஜாரி என்கிற பதிவு செய்த வாடகை ஒப்பந்தம், தேவா பில் என்று நாம் சொல்லும் கரண்ட்-தண்ணீர் பில். இரண்டும் வீட்டை எடுத்தவர் பெயரில்தான் இருக்கும்.

பெட் ஸ்பேஸில் இருப்பவனுக்கு எந்தப் பில்? ஃபிளாட்டை ஒருவர் எடுப்பார், அறைக்கு இத்தனை கட்டில் என்று போட்டு உள்வாடகைக்கு விடுவார். மாதம் பிறந்தால் கையில் காசு கொடுக்க வேண்டும். ரசீது கேட்டால், "நம்பிக்கை இல்லன்னா வேற ரூம் பாத்துக்க தம்பி" என்பார். கூடத் தங்கியிருப்பவர்களின் பெயர்களையும் இஜாரியில் பதிய வேண்டும் என்று 2022 செப்டம்பரில் துபாய் அரசு சொன்னது உண்மைதான். உள்வாடகைக்கு விடுகிற ஆள், தன் வீட்டில் எத்தனை பேர் தூங்குகிறார்கள் என்று தானே போய் அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுப்பாரா?

என் அறையில் இருக்கும் திருவாரூர்ப் பக்கத்துத் தம்பி, வெள்ளிக்கிழமை மதியம் பிரியாணிப் பொட்டலத்தை ஓரமாக வைத்துவிட்டு, ஸ்பீக்கரில் ஒரு ஃபண்ட் கம்பெனியின் கஸ்டமர் கேரோடு மல்லுக்கட்டினான்.

"சார், உங்க பேர்ல ஏதாவது பில் இருக்கா?"

"கரண்ட் பில் அண்ணன் பேர்ல இருக்கும்மா."

"உங்க கூடப் பிறந்த அண்ணனா சார்?"

"இல்லம்மா, ரூம் அண்ணன்."

அந்தப் பெண் ஒரு நிமிஷம் லைனில் காத்திருக்கச் சொல்லிவிட்டு யாரையோ கேட்டுவந்து, "ரிலேஷன்ஷிப் ப்ரூஃப் வேணும் சார்" என்றது. அறையில் எல்லோரும் சிரித்துவிட்டோம். அதன்மேல் குறை இல்லை. அதன் கம்ப்யூட்டரில் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது.

என் வாதம் இதுதான். முகவரிச் சான்று என்ற பெயரில் நடப்பது, இந்த ஆள் எங்கே இருக்கிறான் என்ற சோதனை அல்ல. பில் யார் பெயரில் இருக்கிறது என்ற சோதனை. ஊரிலேயே எத்தனை வீட்டில் ஈபி கனெக்‌ஷன் இன்னும் செத்துப்போன தாத்தா பெயரில் ஓடிக்கொண்டிருக்கிறது? பில் இரண்டு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் என்கிறது ரிசர்வ் வங்கி. தமிழ்நாட்டில் கரண்ட் ரீடிங் எடுப்பதே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை!

பங்குச் சந்தையையும் மியூச்சுவல் ஃபண்டுகளையும் கண்காணிக்கும் செபி 2011இல் போட்ட முகவரிச் சான்றுப் பட்டியலைத் தேடிப் படித்துப் பாருங்கள். கணவன் அல்லது மனைவி பெயரில் உள்ள சான்றை ஏற்கலாம் என்று அதில் உண்டு. நல்லது, கணவரின் விசாவில் வந்திருக்கும் பெண்களுக்கு அது உதவும். இன்னொரு வரியும் உண்டு: உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நீதிபதிகள் தங்கள் புது முகவரியைத் தாங்களே எழுதிக் கொடுத்தால் போதும். நீதியரசர் வாயால் சொன்னால் முகவரி, நாம் சொன்னால் வெறும் பேச்சு. பிறகு பட்டியல் மாறியது, அந்த மனப்பான்மை மாறவில்லை.

2024 ஏப்ரலில் கேஒய்சி நிலையைப் புதிதாக வகைப்படுத்தியபோது, ஆதார் இல்லாமல் பாஸ்போர்ட்டை வைத்துப் பதிந்த என்ஆர்ஐக்கள் பலருக்கு 'ரெஜிஸ்டர்டு' என்று மட்டும் வந்தது. புதிய ஃபண்ட் கம்பெனிக்குப் போனால் மறுபடியும் காகிதம் கொடுக்க வேண்டும். ஆதாரைச் சரிபார்த்தவர்களுக்கு 'வேலிடேட்டட்', எங்கேயும் போகலாம். அந்த ஆதாரில் இருப்பது என்ன முகவரி? அவன் வருஷத்துக்கு ஒரு மாதம் லீவில் போய்த் தங்கும் ஊர் முகவரி! குடியிருக்காத வீட்டைக் காட்டும் அட்டைக்கு இருக்கும் மதிப்பு, அவன் தினமும் தூங்கும் கட்டிலுக்கு இல்லை. அந்த ஆதாரின் ஓடிபிக்காகத்தான் இங்கே பாதிப் பேர் இந்திய சிம்முக்கு ரீசார்ஜ் செய்துகொண்டே இருக்கிறார்கள்.

கறுப்புப் பணத்தைத் தடுக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும்தான். ஆனால் சைபர் மோசடிக்காரர்கள் கமிஷன் கொடுத்து வாங்கிப் பயன்படுத்தும் கணக்குகளில் முகவரி சுத்தமாகத்தான் இருக்கும். யாரோ ஒரு ஏழையின் அசல் ஆதார், அசல் முகவரி. மாட்டிக்கொள்பவனும் அந்த ஏழைதான்.

மாற்று வழி ஒன்றும் புதிதல்ல. தென்னாப்பிரிக்காவில் தகரக் கொட்டகைகளில் இருப்பவர்களுக்கு முகவரி ஏது? 2004இல் மசான்சி என்ற எளிய வங்கிக் கணக்கைக் கொண்டுவந்தபோது, குடியிருப்பு முகவரியைச் சரிபார்க்கும் கட்டாயத்திலிருந்து விலக்குக் கொடுத்தார்கள். அதற்குப் பதில் எவ்வளவு பணம் போகலாம் வரலாம் என்று வரம்பு வைத்தார்கள். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். உள்நாட்டில் ஆதார் வைத்து வங்கிக் கணக்கு திறப்பவரின் இப்போதைய முகவரி வேறு என்றால், அவரே எழுதிக் கொடுத்தால் போதும் என்று 2019 நவம்பரில் நம் மத்திய அரசே விதியைத் திருத்தியது. திருப்பூரில் வேலை பார்க்கும் பீகார்க்காரருக்கு அது பொருந்தும் என்றால், தேராவில் வேலை பார்க்கும் திருவாரூர்க்காரனுக்கு ஏன் பொருந்தக் கூடாது? அவன் பணம் இங்குள்ள வங்கியில் அவன் பெயரில் உள்ள சம்பளக் கணக்கிலிருந்துதானே வருகிறது?

அந்தப் பணத்தை மட்டும் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. 2023-24இல் வெளிநாட்டு இந்தியர்கள் அனுப்பிய தொகையில் 19.2 சதவீதம் அமீரகத்திலிருந்து போனது என்பது ரிசர்வ் வங்கியின் கணக்கு.

இதனால் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். அலுத்துப்போய், ஊர் முகவரியிலேயே 'ரெசிடென்ட்', அதாவது இந்தியாவில் குடியிருப்பவர் என்று விட்டுவிடுகிறவர்கள் நிறைய. வெளிநாடு வந்த பிறகு சாதாரண சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ என்கிற வெளிநாட்டு இந்தியர் கணக்காக மாற்ற வேண்டும் என்பது ஃபெமா என்கிற அந்நியச் செலாவணிச் சட்டத்தின் விதி. உண்மையைச் சொல்லப் போனால் காகிதம் கேட்கிறார்கள், சொல்லாவிட்டால் யாரும் எதுவும் கேட்பதில்லை. என் அறைத் தம்பி அந்த வேலைக்கே போகவில்லை. ஃபண்டை விட்டுவிட்டு, ஊர் நகைக்கடைச் சீட்டில் மனைவி பெயரில் சேர்ந்துவிட்டான். அங்கே போன் நம்பர் மட்டும்தான் கேட்டார்களாம்.

என் கோரிக்கை சின்னது. வேலை ஒப்பந்தமும், தங்குமிடத்தைக் குறிப்பிட்டு கம்பெனி கொடுக்கும் கடிதமும் இருந்தால் முகவரியாக எடுத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் தொகைக்கு வரம்பு வையுங்கள்.

வளைகுடாவில் இருப்பவர்களில் யாருக்காவது கம்பெனி லெட்டரை வைத்து கேஒய்சி முடிந்திருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். லெட்டரில் என்ன வாசகம் இருந்தது, யார் கையெழுத்து போட்டார்கள், அட்டெஸ்ட் எங்கே வாங்கினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எங்கள் ஃபிளாட்டில் மட்டும் அதற்கு இன்னும் நாலு பேர் காத்திருக்கிறார்கள்.