போய் பாத்துட்டு அப்புறம் மாத்திக்கலாம்னு கிளம்பாதீங்க

வெளிநாடு போறத பத்தி வந்த கட்டுரைல "முதல்ல விசிட் விசால போங்க, அங்க போய் வேலை விசாவுக்கு மாத்திக்கலாம்"னு ஒரு வரி இருக்கு, தயவுசெஞ்சு அத எடுத்துடுங்க, அத நம்பி யாராவது கடன் வாங்கி கிளம்பிட்டா பாவம். பிரிட்டன்ல விசிட்டரா இருந்துகிட்டு ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்கு (அங்க வேலை பாக்குறதுக்கான விசா) மாறவே முடியாது, வெளிய வந்துதான் அப்ளை பண்ணணும். ஷெங்கன்ல (ஒரே விசால போய் வர்ற ஐரோப்பிய நாடுகள்) விசிட்டரா எந்த 180 நாள எடுத்தாலும் 90 நாள்தான் தங்கலாம், பக்கத்து நாட்டுக்கு போயிட்டா புதுசா எண்ணுவாங்கன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, இல்லங்க, எல்லா ஷெங்கன் நாட்டையும் சேர்த்துதான் கணக்கு. அமெரிக்கால அனுமதிச்ச நாள் முடிஞ்சும் 180 நாளுக்கு மேல தங்கிட்டு (ஓவர்ஸ்டே) வெளிய வந்தா 3 வருஷம், ஒரு வருஷம் ஆயிட்டா 10 வருஷம் திரும்ப உள்ள போக தடை.

கட்டுரைல பணம் முதலீடு பண்ணி விசா வாங்குறத பத்தின பகுதியும் பழசு. பிரிட்டன் 2022லயே இன்வெஸ்டர் விசாவ மூடிட்டாங்க, போர்ச்சுகல்ல வீடு வாங்கி கோல்டன் விசா (முதலீட்டுக்கு பதிலா தங்குற உரிமை) எடுக்குற வழி 2023ல போச்சு, ஸ்பெயின் கோல்டன் விசாவ 2025 ஏப்ரல்ல மொத்தமா நிறுத்திட்டாங்க. அமெரிக்காவோட இபி-5 (முதலீடு பண்ணி நிரந்தரமா தங்குற உரிமை வாங்குற விசா) இருக்கு, ஆனா குறைஞ்சது 8 லட்சம் டாலர் போடணும், 10 பேருக்கு முழுநேர வேலை உருவாகணும், அதவிட முக்கியமா போட்ட பணம் நஷ்டமாகக்கூடிய ரிஸ்க்ல இருக்கணும்ங்கறது சட்டம். அதனால "பணம் கண்டிப்பா திரும்ப வரும், நாங்க கேரண்டி"ன்னு எந்த ஏஜென்ட் சொன்னாலும் அங்கயே எந்திரிச்சு வந்துடுங்க. விதி எல்லாம் அடிக்கடி மாறுது, பணம் கட்டுறதுக்கு முன்னாடி அந்த நாட்டு அரசாங்க சைட்ல ஒருதடவ நீங்களே படிச்சு பாருங்க.