கையெழுத்திட்டவர்களும் பிணை நின்றவர்களும்

2008 ஜூலை 22 அன்று மாலை எங்கள் கல்லூரி விடுதியின் தொலைக்காட்சி அறையில் நிற்கவும் இடமில்லை. கிரிக்கெட்டுக்கு மட்டுமே நிரம்பும் அந்த அறை, நாடாளுமன்ற நம்பிக்கை வாக்கெடுப்புக்காக நிரம்பியதை அதற்கு முன்பும் நான் கண்டதில்லை, பின்பும் கண்டதில்லை. பாஜக உறுப்பினர்கள் மூவர் ரூபாய்க் கட்டுகளை அவையின் நடுவே மேசைமேல் கொண்டுவந்து வைத்ததையும், நோயுற்ற உறுப்பினர்கள் சக்கர நாற்காலியில் அழைத்து வரப்பட்டதையும், சிறையிலிருந்த சிலர் வாக்களிப்பதற்காகவே வெளியே கொண்டுவரப்பட்டதையும் அன்று நாடே பார்த்தது. இந்தியா வெளிநாட்டு யுரேனியமும் உலைகளும் பெற வழிசெய்யும் இந்திய - அமெரிக்க அணுசக்தி ஒப்பந்தத்துக்காக, அதை எதிர்த்த இடதுசாரிகளின் ஆதரவை இழந்து, தன் ஆட்சியையே பணயம் வைத்த பிரதமர் மன்மோகன் சிங் 275க்கு 256 என்ற கணக்கில் தப்பினார். முடிவு திரையில் வந்ததும் நான் எழுந்து நின்று கைதட்டினேன்.

நாட்டுக்காகக் கைதட்டுவதாகத்தான் அன்று நம்பினேன். அதில் பெரும்பங்கு எனக்காகவே தட்டியது என்பதை ஒப்புக்கொள்ளச் சில ஆண்டுகள் பிடித்தன.

அப்போது நான் இயந்திரவியல் மூன்றாம் ஆண்டு மாணவன். ஊர் முக்கூடல் பக்கம். அம்மா பீடி சுற்றுபவர். மடியில் சொளவை வைத்துக்கொண்டு, நனைத்த இலையைக் கத்தரியால் அளவாக வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, முனையை மடக்கி, நூலால் ஒரு சுற்றுச் சுற்றி முடிக்க அவருக்கு ஒரு மூச்சு நேரம் போதும். மாலையில் மின்சாரம் போய்விட்டால் மண்ணெண்ணெய் விளக்கைச் சொளவுக்குப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொள்வார். மறுநாள் காலையில் பீடிக்கடையில் எண்ணிக்கை குறையக்கூடாது. "ஏலே, நீ படிச்சு கரன்ட் ஆபீஸுக்குப் போனாலாவது இந்த இருட்டு போகுமா?" என்று ஒருநாள் கேட்டார். அவருக்கு மின்சாரம் தொடர்பான எல்லாமே கரன்ட் ஆபீஸ்தான். எனக்கோ மும்பை டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளியில் சேர வேண்டும் என்பதே கனவு. ஒப்பந்தம் வந்தால் புதிய உலைகள் வரும், உலைகள் வந்தால் ஆள் எடுப்பார்கள், அதில் ஓர் இடம் எனக்கு என்று கணக்குப் போட்டிருந்தேன். 22 வயதில் ஒருவன் நாட்டின் எதிர்காலத்தையும் தன் எதிர்காலத்தையும் ஒரே தாளில் எழுதிப் பார்ப்பதில் தவறில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். எது எந்த வரியில் இருக்கிறது என்பதை மறந்துவிடுவதுதான் தவறு.

இந்த ஒப்பந்தத்தின் வேர் 1974இல் இருக்கிறது. பொக்ரானில் இந்தியா அணுகுண்டுச் சோதனை நடத்தியதும், ராஜஸ்தான் அணுமின் நிலையத்தைக் கட்டிக்கொண்டிருந்த கனடா பாதியில் வெளியேறியது. 1963ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி தாராப்பூர் உலைகளுக்கு எரிபொருள் தர வேண்டிய அமெரிக்கா, 1978இல் தன் நாட்டில் ஒரு புதிய சட்டம் இயற்றிக்கொண்டு அந்தப் பொறுப்பிலிருந்து விலகியது; பிறகு பிரான்சும் வேறு சில நாடுகளும் கொடுத்த எரிபொருளில் அந்த உலைகள் ஓடின. ஒரு நாட்டின் தலைவர் போட்ட கையெழுத்தை அந்த நாட்டின் நாடாளுமன்றம் பின்னாளில் ஒரு சட்டத்தால் வெறுமையாக்கிவிட முடியும் என்ற பாடத்தை நம் அணுத்துறை தாராப்பூரில்தான் கற்றது. 2006 டிசம்பரில் இந்த ஒப்பந்தத்துக்கு நிபந்தனைகள் விதித்து அமெரிக்கா நிறைவேற்றிய ஹைட் சட்டத்தைக் காட்டி இடதுசாரிகள் எச்சரித்தபோது அந்த அச்சத்தை வெறும் அமெரிக்க வெறுப்பு என்று ஒதுக்கியவர்களில் நானும் ஒருவன். அது நியாயமில்லை என்று இப்போது சொல்கிறேன். ஈரானுக்கு எதிராகச் சர்வதேச அணுசக்தி முகமையில் 2005இலும் 2006இலும் இந்தியா அளித்த வாக்குகளைப் பார்த்தவர்களுக்கு, வெளியுறவுக் கொள்கைக்கும் இந்த ஒப்பந்தத்துக்கும் தொடர்பில்லை என்று நம்புவது கடினமாகவே இருந்திருக்கும்.

ஆயினும் ஒப்பந்தத்தால் நன்மையே இல்லை என்பதும் உண்மையல்ல. 2007, 2008ஆம் ஆண்டுகளில் நம் அணு உலைகள் யுரேனியப் பற்றாக்குறையால் ஏறத்தாழப் பாதித் திறனில்தான் ஓடிக்கொண்டிருந்தன. 2008 செப்டம்பர் 6 அன்று வியன்னாவில் அணுப்பொருள் வழங்கும் நாடுகளின் குழு இந்தியாவுக்கு விலக்கு அளித்த பிறகு ரஷ்யா, கஜகஸ்தான், பின்னர் கனடா ஆகிய நாடுகளிலிருந்து யுரேனியம் வரத் தொடங்கியது. சர்வதேச அணுசக்தி முகமையின் கண்காணிப்பின்கீழ் வைக்கப்பட்ட ராவத்பாட்டா, காக்ராபார் போன்ற அணுமின் நிலையங்கள் மூச்சுவிட்டன. நம் கல்பாக்கத்தின் உலைகள் அந்தப் பட்டியலில் இல்லை, ஆதலால் இறக்குமதி யுரேனியம் அவற்றுக்கு இல்லை. எரிப்பதைவிட அதிக எரிபொருளை உண்டாக்கும் வேக ஈனுலையைக் கண்காணிப்புக்கு வெளியே வைக்க வேண்டும் என்று அணுசக்தி ஆணையத்தின் அன்றைய தலைவர் அனில் ககோட்கர் 2006இல் வெளிப்படையாகவே வற்புறுத்தினார். ஓர் அதிகாரி தன் பிரதமரின் அவசரத்துக்கு எதிரே நின்று, தன் துறையின் நீண்டகாலத் திட்டத்தைக் காப்பாற்றிய அந்தச் சில வாரங்கள் இந்தக் கதையில் நான் மிகவும் மதிக்கும் பகுதி.

ஒப்பந்தத்தின் உண்மையான பலன், ஓடிக்கொண்டிருந்த உலைகளுக்குக் கிடைத்த எரிபொருள்தான். நமக்கு விற்கப்பட்ட கனவோ புதிய உலைகள். 2020க்குள் 20,000 மெகாவாட், 2032க்குள் 63,000 மெகாவாட் என்றெல்லாம் அரசு பேசியது. 2020இல் கையில் இருந்தது 6,780 மெகாவாட். இது ஒரு கட்சியின் குறை மட்டுமல்ல. விக்ரம் சாராபாய் காலத்திலேயே 2000ஆம் ஆண்டுக்குள் 43,500 மெகாவாட் என்று இலக்கு வைக்கப்பட்டது, அந்த ஆண்டு வந்தபோது 3,000 மெகாவாட்டைக்கூட நாம் எட்டியிருக்கவில்லை. அமெரிக்க நிறுவனம் கட்டும் உலை ஒன்றுக்குக்கூட, கையெழுத்தாகிப் பதினேழு ஆண்டுகள் கடந்தும், இந்திய மண்ணில் அடித்தளம் போடப்படவில்லை. ஆந்திரத்தின் கொவ்வாடாவில் ஆறு உலைகளைக் கட்டித் தருவதாகப் பேசப்பட்ட வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் 2017 மார்ச்சில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றத்துக்குச் சென்றது.

மன்மோகன் சிங்கை இந்த விஷயத்தில் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. அமளியால் அன்று அவர் அவையில் பதிலுரையை வாசிக்கவே முடியவில்லை. எழுதிய உரையை மேசையில் வைத்துவிட்டு அமர்ந்தார். அந்த உரையை நான் மிகத் தாமதமாகத்தான் படித்தேன். தன் வாழ்வின் முதல் பத்து ஆண்டுகள் குடிநீர் வசதியோ மின்சாரமோ மருத்துவமனையோ சாலையோ இல்லாத ஒரு கிராமத்தில் கழிந்ததையும், மண்ணெண்ணெய் விளக்கின் மங்கிய ஒளியில் படித்ததையும் அவர் அதில் எழுதியிருந்தார். அந்த வரியைப் படித்தபோது அம்மாவின் சொளவுக்குப் பக்கத்தில் இருந்த விளக்குதான் என் கண்முன் வந்தது. இருட்டிலிருந்து வந்தவனுக்கு வெளிச்சத்தின்மேல் இருக்கும் ஆசையைப் பேராசை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதே உரையில், இடதுசாரிகள் தன்னைக் கொத்தடிமைபோல் நடத்த நினைத்தார்கள் என்ற குமுறலும் இருக்கிறது. நான்கு ஆண்டுகள் ஆட்சியைத் தாங்கியவர்களோடு மனம் முறியும் அளவுக்கு அவர் போனதற்குக் காரணம் மெகாவாட் கணக்கு மட்டுமல்ல. தன் பெயர் எதனோடு நினைக்கப்பட வேண்டும் என்ற ஏக்கமும் அதில் இருந்தது. மறுபக்கம் ஜார்ஜ் புஷ்ஷுக்கும் அது பதவியின் கடைசி ஆண்டு. லேமன் பிரதர்ஸ் வங்கி விழுந்து அமெரிக்காவே பதறிக்கொண்டிருந்த வாரங்களில் இந்த ஒப்பந்தம் அவர்களின் இரு அவைகளையும் விரைந்து கடந்தது.

இடதுசாரிகளுக்கும் ஓர் இலட்சிய வேகம் இருந்தது. மார்க்சிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளர் பிரகாஷ் காரத் ஆதரவை விலக்கினார். மக்களவைத் தலைவர் பதவியை விட்டுவர மறுத்த சோம்நாத் சட்டர்ஜியை வாக்கெடுப்புக்கு மறுநாளே கட்சி நீக்கியது. கொள்கையில் அவர்கள் எழுப்பிய கேள்விகள் சரியானவை என்று மேலே சொன்னேன். ஆனால் அந்தக் கேள்விகளை உள்ளேயிருந்தே கேட்கும் வலுவை அவர்களே விட்டுக்கொடுத்தார்கள். 2004இல் 59 இடங்கள் பெற்றிருந்த நான்கு இடதுசாரிக் கட்சிகளும் 2009இல் 24 இடங்களுக்குச் சுருங்கின. மேற்கு வங்கத்தில் நிலம் கையகப்படுத்தலுக்கு எதிராக நந்திகிராமத்திலும் சிங்கூரிலும் எழுந்த போராட்டங்கள் அதற்குப் பெரிய காரணங்கள் என்பதை அறிவேன்.

எல்லோருடைய ஆசையும் ஒரே தராசில் வந்து நின்ற இடம் 2010ஆம் ஆண்டின் அணுவிபத்து இழப்பீட்டுச் சட்டம் என்பேன். அந்த ஆண்டு ஜூன் 7 அன்று போபால் நச்சுவாயு வழக்கின் தீர்ப்பு வந்தது. ஆயிரக்கணக்கான உயிர்களுக்கு, இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, இரண்டு ஆண்டுச் சிறை. நாடு கொதித்தது. அந்தக் கொதிப்பில்தான் ஆகஸ்டில் நிறைவேறிய சட்டத்தில் 17(பி) பிரிவு இடம்பெற்றது: உலையை நடத்துபவர் இழப்பீடு கொடுத்த பிறகு, விபத்துக்குக் கருவியின் குறைபாடு காரணமென்றால் கருவியை விற்றவரிடம் அந்தத் தொகையைத் திரும்பக் கேட்கலாம். நடத்துபவரின் பொறுப்புக்கும் 1,500 கோடி என்ற உச்சவரம்பு உண்டு என்பதால் இது பெரிய தொகையே அல்ல. ஆனாலும் அமெரிக்க, பிரெஞ்சு நிறுவனங்கள் அந்த ஒரு பிரிவைக் கண்டுதான் பல ஆண்டுகள் தயங்கி நின்றன. தான் விற்கும் பொருளின்மேல் அத்தனை நம்பிக்கை இருப்பவர், அந்தப் பொருளுக்குப் பிணை நிற்க ஏன் அஞ்ச வேண்டும் என்ற கேள்விக்கு எனக்கு இன்றுவரை மனம் ஏற்கும் விடை கிடைக்கவில்லை.

இந்தக் கேள்வியை எனக்குள் விதைத்தவன் கல்லூரியில் என் அறைத்தோழன். இடிந்தகரைக்கு அருகே ஒரு கடற்கரை ஊரைச் சேர்ந்தவன். 2010இல் நான் பயிற்சிப் பள்ளியின் நேர்முகத் தேர்வுவரை சென்று, தேர்வாகாமல் திரும்பினேன். கேட்டவற்றில் பாதிக்கு நான் தடுமாறினேன், எனவே அது நியாயமான முடிவு. சென்னையில் வேறொரு வேலையில் சேர்ந்தேன். 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா விபத்து, அதன்பின் பக்கத்திலுள்ள கூடங்குளம் அணு உலையை எதிர்த்து இடிந்தகரையில் போராட்டப் பந்தல். நான் அப்போதும் உலையின் பக்கமே பேசினேன். தமிழ்நாடு மணிக்கணக்கில் இருளில் கிடந்த காலம் அது. போராடுபவர்கள் என் அம்மாவின் வெளிச்சத்தைத் தடுக்கிறார்கள் என்ற கோபத்தில் சில கடுமையான வார்த்தைகளை எழுதினேன். நண்பனின் தாயார் லூர்து மாதா ஆலயத்தின் முன்னிருந்த அந்தப் பந்தலில் உட்கார்ந்திருந்தார் என்பது தெரிந்தும் எழுதினேன்.

2012 செப்டம்பர் 10 அன்று கடற்கரையில் கண்ணீர்ப்புகைக் குண்டுகள் விழுந்தன. மணப்பாட்டில் ஒரு மீனவர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அன்றிரவு அவனை அழைத்தேன். அவன் திட்டவில்லை. "மக்கா, அந்த இன்டர்வியூல உனக்கு வேலை கெடச்சு, கூடங்குளத்துலயே போஸ்டிங் போட்டிருந்தா, ஒங்கம்மாவ எந்த ஊர்ல வச்சிருப்ப?" என்று மட்டும் கேட்டான். நான் உடனே பதில் சொல்லவில்லை. ஊழியர் குடியிருப்பு செட்டிகுளத்தில், உலையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது; அங்கே அழைத்துப் போயிருப்பேன், அல்லது முக்கூடலிலேயே விட்டிருப்பேன். எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. அவன் அம்மாவுக்கு அது இல்லை. வள்ளம் கரையில் நிற்கிறது, கரை உலைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

கூடங்குளத்துக்கான ஒப்பந்தம் 1988 நவம்பர் 20 அன்று ராஜீவ் காந்திக்கும் கோர்பச்சேவுக்கும் இடையே கையெழுத்தானது. கையெழுத்திட்ட இருவரில் ஒருவர் 1991 மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்டார். மற்றவரின் நாடே அந்த ஆண்டு டிசம்பரில் இல்லாமல் போனது. முதல் உலையின் மின்சாரம் மின்தொகுப்புக்கு வந்தது 2013 அக்டோபரில். கால் நூற்றாண்டு. கையெழுத்துப் போடுபவரின் காலமும் ஆட்சியும் முடிந்த பிறகும் அதன் சுமையும் பயனும் ஓர் ஊரின் தலையில் தொடர்ந்து இருக்கும் என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் எனக்குக் காட்டவில்லை. 2013 மே 6 அன்று உலை இயங்கலாம் என்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், கூடவே விதித்த 15 கட்டளைகளில் ஒன்றாக, போராடியவர்கள்மீதுள்ள குற்றவழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்றும் சொன்னது. பயந்தவர்களைக் குற்றவாளிகளாகப் பார்க்கத் தேவையில்லை என்று நீதிமன்றத்துக்குத் தெரிந்த ஒன்று, கூட ஒரே அறையில் நான்கு ஆண்டுகள் தூங்கிய எனக்குத் தெரியவில்லை.

நான் இன்றும் அணுமின்சாரத்துக்கு எதிரானவன் அல்லன். நிலக்கரிப் புகையின் விலையும் எனக்குத் தெரியும். ஆனால் 2047க்குள் 1,00,000 மெகாவாட் என்று மீண்டும் ஓர் இலக்கு வைக்கப்பட்டு, 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் புதிய சட்டம் இயற்றித் தனியாருக்கு வழி திறந்து, 2010ஆம் ஆண்டுச் சட்டத்தையும் அதிலிருந்த அந்த 17(பி) பிரிவையும் கைவிட்டபோது, என்னால் இம்முறை கைதட்ட முடியவில்லை. யுரேனியத்துக்காக ஒப்பந்தம் செய்வதை ஆதரிக்கிறேன், உள்நாட்டு உலைகளை ஆதரிக்கிறேன். விற்பவரைப் பிணையிலிருந்து விடுவிப்பதை எதிர்க்கிறேன். அந்தப் பிணையை விற்பவர் சுமக்காவிட்டால் அது காற்றில் கரைந்துவிடாது. வள்ளம் நிற்கும் கரைக்குத்தான் வந்து சேரும்.

சென்ற மாதம் அக்கா மகன் கூப்பிட்டான். அதே பயிற்சிப் பள்ளியிலிருந்து அவனுக்கு நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்திருக்கிறது. "மாமா, நீங்க போனப்ப என்ன கேட்டாங்க?" என்றான். எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி. என் கனவு வீட்டிலேயே இன்னொரு தலையில் முளைத்திருக்கிறது. வெப்பப் பரிமாற்றத்தில் நான் தடுமாறிய இடங்களைச் சொல்லிக் கொடுத்தேன். பிறகு அவனுக்கு மூன்று கோப்புகளை அனுப்பினேன்: அவையில் வாசிக்கப்படாத அந்த உரை, 2013ஆம் ஆண்டுத் தீர்ப்பு, 2010ஆம் ஆண்டுச் சட்டம். வரும் ஞாயிற்றுக்கிழமை அவனை அழைத்துக்கொண்டு என் நண்பன் வீட்டுக்குப் போகிறேன். அவன் அம்மா மீன்குழம்பு வைத்திருப்பதாகச் சொன்னார்கள்.