ஊசியில் போகும் செல் எலும்புக்குத்தான் போகிறதா?

ஆறு மாதத்துக்கு முன் அம்மா குனிந்து ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கினார். முதுகில் 'மளுக்'. எக்ஸ்ரேயில் முள்ளெலும்பு ஒன்று முன்பக்கமாக நசுங்கி ஆப்பு மாதிரி இருந்தது. எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் (இளவயது ஆரோக்கிய எலும்போடு ஒப்பிடும் எண்) மைனஸ் 3.1. மைனஸ் 2.5-ஐத் தொட்டாலே எலும்புப்புரை, அதாவது எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் உடையும் ஆஸ்டியோபோரோசிஸ். மேல் தட்டு டப்பாவை எட்டி எடுத்தவர் இரண்டு வருடமாக ஸ்டூல் போட்டுத்தான் எடுத்தார். உயரம் குறைகிறது என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

சித்தப்பா உடனே ஒரு வீடியோ அனுப்பினார். ஒரே ஸ்டெம் செல் (வேறு வகை செல்லாக மாறக்கூடிய மூல செல்) ஊசி, எலும்பு புதிதாக வளருமாம். அந்த இடத்துக்கு ஃபோன் செய்து, எலும்பு அடர்த்தி எவ்வளவு கூடும் என்று கேட்டேன். "மூட்டு வலி நல்லா குறையும் சார்" என்றார்கள். நான் கேட்டது முதுகெலும்பைப் பற்றி! மூட்டுத் தேய்மானத்தையும் எலும்புப்புரையையும் நாம் 'தேய்மானம்' என்று ஒரே பெயரில் சொல்வது இவர்களுக்கு ரொம்ப வசதி.

யோசனை என்னவோ நியாயமானதுதான். மஜ்ஜையில் இருக்கும் ஒரு வகை ஸ்டெம் செல் எலும்பு கட்டும் செல்லாகவும் மாறலாம், கொழுப்பு செல்லாகவும் மாறலாம். வயதாக ஆகக் கொழுப்புப் பக்கம் சாய்கிறது. அப்படியானால் வெளியிலிருந்து நல்ல செல்லை ஏற்றினால் என்ன? ரத்தக் குழாயில் ஏற்றினால் பெரும்பகுதி நுரையீரலின் நுண்குழாய்களில் சிக்கிக்கொள்கிறது. எலும்பு வரை போய்ச் சேருவது சொற்பம், அங்கே தங்கிப் பிழைப்பது அதைவிடச் சொற்பம். எலும்புப்புரைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதித்த ஸ்டெம் செல் சிகிச்சையும் இல்லை, மரபணு சிகிச்சையும் இல்லை.

மரபணுக் கதைதான் எனக்குச் சுவாரஸ்யம். தென்னாப்பிரிக்காவின் ஆஃப்ரிக்கானர் (பெரும்பாலும் டச்சு வழி வந்த வெள்ளையர்) மக்களில் சிலருக்கு எஸ்ஓஎஸ்டி என்ற மரபணு பிறவியிலேயே வேலை செய்யாது. 'எலும்பு கட்டியது போதும்' என்று தடுக்கும் ஸ்கிளிரோஸ்டின் புரதம் அவர்களிடம் இல்லை. எலும்பு அவ்வளவு கெட்டி, லேசில் உடையாது. ஆனால் மண்டை ஓடும் தடித்துக்கொண்டே போய் நரம்புகளை நெரிக்கும். முகவாதம், காது கேளாமை, மூளைக்கு அழுத்தம் எல்லாம் வரும்.

இதைப் படித்த பிறகுதான் மரபணு சிகிச்சை பற்றிய என் கருத்து மாறியது. வைரஸில் ஏற்றி உள்ளே அனுப்பிய மரபணுவைத் திரும்ப அழைக்க முடியாது. கொல்லும் பிறவி நோய் என்றால் அந்தத் துணிச்சல் சரி. எலும்புப்புரைக்கு எனக்கு வேண்டியது வேண்டும்போது மூட முடிகிற குழாய். அது ஏற்கனவே கையில் இருக்கிறது: அதே ஸ்கிளிரோஸ்டினைப் பிடித்து நிறுத்தும் ரோமோசோசுமாப் என்ற ஊசி மருந்து, 2019-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மாதம் ஒரு தடவை, 12 மாதம், அப்புறம் நிறுத்திவிடலாம். கட்டிய எலும்பு கரையாமலிருக்க வேறு மருந்து தொடர வேண்டும். கடந்த ஒரு வருடத்துக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கு இது கூடாது. மரபணுவில் கை வைக்காமலே மரபணு சொல்லிக்கொடுத்த பாடம் ஊசியாக வந்துவிட்டது. இதற்கு ஏன் யாரும் வீடியோ போடுவதில்லை?

ஆராய்ச்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒட்டாமல் நிற்கும் முறிவில், அந்த இடத்திலேயே செல்லை வைத்துப் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை உண்டு. உடம்பு முழுக்க ஒரே ஊசியில் என்பதுதான் இடிக்கிறது.

அம்மாவுக்கு ரோமோசோசுமாப் நான்காவது ஊசி போட்டாயிற்று. சித்தப்பா நேற்று குழுவில் கேட்டிருந்தார்: "அந்த ஆப்பிரிக்காக்காரங்களுக்கு எலும்பே உடையாதாமே, அந்த மருந்தா இது?" பாதி சரி என்று பதில் போட்டேன்.